வசதிகள் பட்டியலில் ஒரு பெயர்

திருப்பதி
6.2.2012

அன்புள்ள பத்மினி அக்காவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடுங்கள். மணி ஒன்றாகப் போகிறது. பிரித்திகாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இப்போதுதான் கண்ணயர்ந்தாள். எழுத்து கோணலாக இருந்தால் மடியில் ஒருத்தி கிடக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு லட்சுமம்மா, "ஏம் காதம்மா, பள்ளு வஸ்தே ஜ்வரம் ராதா?" என்று சிரிக்கிறாள். பல் முளைத்தால் காய்ச்சல் வராதா என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகலெல்லாம் குழந்தையை அவளிடம் விட்டுவிட்டுத்தான் பல்கலைக்கழகம் போகிறேன். பதினான்கு மாதம் ஆகிறது, இவள் லட்சுமம்மாவைத்தான் 'அம்மா' என்கிறாள். என்னைப் பார்த்தால் கையை நீட்டுகிறாள், பெயர் ஒன்றும் சொல்வதில்லை. இது எல்லாக் குழந்தைகளும் செய்வதுதானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை உங்கள் கவர் வந்தது. உங்கள் பள்ளியில் நடத்தும் என் சோதனையின் நாலாவது வகுப்புக்காக நான் அனுப்பிய பதிவுத் தாள்கள், மடிப்புக்கூடக் கலையாமல், வெற்றுத் தாளாகவே திரும்பி வந்திருக்கின்றன. ஒரு துண்டுச் சீட்டு இல்லை. போன் செய்தால் முழுதாக அடித்து ஓய்கிறது. ஒரு முறை எடுத்து, "கிளாஸ்ல கீறேன்" என்று வைத்துவிட்டீர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, அக்கா.

நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? பொங்கலுக்கு வந்தபோது உங்கள் கம்ப்யூட்டர் அறையில் தூசு என்று சொன்னேனே, அதுவா?

டிசம்பரில் இதை ஆரம்பிக்கும்போது நீங்கள்தான் கேட்டீர்கள், கம்ப்யூட்டரே பாடம் நடத்தப் போகிறதா என்று. நடத்தாது. திட்டம்தான் போடும். மின்சுற்றுப் பாடத்தை நான்காகப் பிரிக்கிறோம். பிள்ளைகளை நான்கு குழுவாக்கி ஆளுக்கொரு பகுதியைக் கற்க வைக்கிறோம். பிறகு குழுக்களைக் கலைத்து, கற்றதை ஒருவருக்கொருவர் சொல்லித்தர வைக்கிறோம். யார் எந்தக் குழுவில், எந்த நிமிடத்தில் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் என்று வாத்தியார் உட்கார்ந்து யோசித்தால் ஒரு நாள் போய்விடும். என் நிரலுக்கு மூன்று விஷயம் சொன்னால் போதும். கையில் என்ன இருக்கிறது, என்னென்ன செய்யலாம், கடைசியில் என்ன ஆக வேண்டும். நடுவில் உள்ள வழியை அதுவே தேடிக்கொள்ளும்.

அது நன்றாகத்தானே நடந்துகொண்டிருந்தது? உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபதுக்கு எட்டு வாங்கினவர்கள் பதினாலுக்கு வந்திருக்கிறார்கள். என் கைடு அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முதல் முறையாக எனக்குக் காபி சொன்னார். இன்னும் இரண்டு வகுப்புகளின் பதிவு கிடைத்தால் ஆய்வேட்டை முடித்துவிடலாம். மார்ச் முப்பத்தொன்றோடு உதவித்தொகை நிற்கிறது. அதற்குப் பிறகு உங்கள் தம்பி என்னைத் தான் வேலை பார்க்கும் ஸ்ரீ சிட்டிப் பக்கம் வீடு பார்த்து அழைத்துப்போகக் காத்திருக்கிறார். நான்கு வருட வேலை இந்த இரண்டு வகுப்பில் நிற்கிறது.

கோபமாக இருந்தாலும் காரணத்தை எழுதிவிடுங்கள்.

சங்கரி


குடிபாலா
10.2.2012

சங்கரி,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? முதலில் அதை எழுது. 'அம்மா' விஷயத்துக்குக் கவலைப்படாதே. உன் வீட்டுக்காரன் இரண்டு வயது வரை எதிர்வீட்டு எருமையைத்தான் அம்மா என்று கூப்பிட்டான். வளர்ந்து வேலைக்குப் போகவில்லையா?

தூசு என்று சொன்னதற்கெல்லாம் நான் கோபித்துக்கொள்வேனா? தூசு இருந்தது, சொன்னாய்.

மூன்றாவது வகுப்புக்கு நீ அனுப்பிய தாள் ஞாபகம் இருக்கிறதா? எப்போதும் குழுவும் நேரமும் மட்டும் போட்ட ஒரு பக்கம் வரும். அந்த முறை நான்கு பக்கம் வந்தது. அவசரத்தில் எல்லாவற்றையும் அச்சடித்து அனுப்பிவிட்டாய் போல. நானும் படித்துப் பார்க்காமல் வழக்கம்போல வகுப்புப் பலகையில் குத்திவிட்டேன். தமிழில்தான் இருந்தது. பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். 'கற்பவர்கள்' என்று இருபத்திரண்டு பெயர். அடுத்த பக்கத்தில் 'வசதிகள்'. அதை அப்படியே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் ஆறு. மின்கலப் பெட்டி நான்கு. சுவர்க் கடிகாரம் ஒன்று. தேசம்மா ஒன்று.

என் வகுப்பில் இருப்பது இருபத்து மூன்று பேர், சங்கரி.

தேசம்மாவை உனக்குத் தெரியும். நாலாம் வகுப்பு வரை காளஹஸ்திப் பக்கம் செங்கல் சூளையில் அப்பன் ஆத்தாளோடு இருந்து தெலுங்குப் பள்ளியில் படித்தவள். சூளை மூடிய பிறகு ஊருக்கு வந்து தமிழ் வகுப்பில் சேர்ந்தாள். ஆந்திரக் கல்வித் துறை அனுப்பிய பாட சி.டி. முழுக்கத் தெலுங்கு. நம் பிள்ளைகள் தெலுங்கு பேசுவார்கள், சந்தையில் சண்டைகூடப் போடுவார்கள், பாடத்தின் தெலுங்கைப் படிக்க அவர்களால் ஆகாது. அதைத் தண்ணீர் மாதிரி படித்துத் தமிழில் சொல்பவள் இவள் ஒருத்திதான். அதனால் உன் மிசின் இவளைப் பதினோரு நிமிடத்துக்கு ஒரு குழுவாக நான்கு குழுவுக்கும் ஓட வைத்தது. எல்லோரும் ரயில் கால அட்டவணை போல இருக்கிறது என்று மெச்சினோம். நானும்தான்.

பலகையைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள். "டீச்சர், இதுல என் பேரு கடியாரத்துக்குக் கீழ கீதே, இன்னாத்துக்கு?" என்றாள். அச்சுப் பிழை என்றேன். அவள் நம்பவில்லை. இந்த ஆதிநாராயணன் இருக்கிறானே, வாய் சும்மா இருக்காது. "ஏய் தேசு, உனக்கு சுச்சு எங்க கீது? கரண்டு போனா நீயும் நின்னுடுவியா?" என்றான். வகுப்பே சிரித்தது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் நீ அனுப்பிய தேர்வுத் தாளைக் கொடுக்கச் சொல்லி அவள் கையில்தான் தந்தேன். எப்போதும் அவள்தான் கொடுப்பாள். கடைசி பெஞ்சு வரை கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றாள். இருபத்திரண்டு தாள்தான் இருந்தது. "எனக்கு வேணாம் டீச்சர். நான் படிச்சிக் காட்டிக்கினுதான இருந்தேன்" என்றாள்.

நான் கையால் ஒன்று எழுதிக் கொடுத்து எழுத வைத்தேன். வகுப்பில் முதலாவதாக வருகிறவள். இருபதுக்கு மூன்று. மின்சுற்றுப் படத்தில் கம்பியை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. அந்தப் பாடத்தை மூன்று வாரத்தில் பன்னிரண்டு முறை வாய்விட்டுப் படித்திருக்கிறாள். ஏன் தெரியவில்லை என்று உன் நேரத் தாளை எடுத்துப் பார்த்தேன். படித்து முடித்த அடுத்த நிமிடம் அவளை எழுப்பி அடுத்த குழுவுக்கு அனுப்பியிருக்கிறது. ஒரு குழுவிலும் பல்பு எரிகிற வரைக்கும் அவளை இருக்க விடவில்லை.

அதனால்தான் தாள் வெறுமையாக வந்தது.

பத்மினி


திருப்பதி
14.2.2012

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. புதிதாக இரண்டு பல் தெரிகிறது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை என் முகத்தைப் பார்த்து லட்சுமம்மா, "எவரு போயாரு?" என்று கேட்டுவிட்டாள், யார் செத்துப்போனது என்று.

ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இந்த நிரலுக்கு உயிருள்ளது, உயிரில்லாதது என்ற வித்தியாசம் தெரியாது. ஒரே நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும், பலருக்கும் தேவைப்படும் என்றால் அதைப் பங்கு போட வேண்டிய பொருளாகத்தான் அது பார்க்கும். கம்ப்யூட்டரும் அப்படித்தான், தேசம்மாவும் அப்படித்தான். அந்த அடிப்படையில் அவளை வசதி என்று வகைப்படுத்தியிருக்கும். அந்தப் பக்கம் உங்களுக்கு வந்திருக்கவே கூடாது. குழந்தைக்கு உடம்பு சூடாக இருந்த நாள் அது, நாலு பக்கத்தையும் கவரில் திணித்துவிட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

'வசதிகள்' என்ற சொல்லை மாற்றிவிடுகிறேன். 'துணைவர்' என்று போடலாம். சி.டி.யில் உள்ள பக்கங்களை நானே தமிழில் எழுதி அனுப்பவும் முடியும், ஆனால் அப்போது முதல் மூன்று வகுப்பும் கடைசி இரண்டும் ஒன்றுபோல இருக்காது. ஒப்பிட முடியாது என்று கைடு சொல்வார். அதனால் இந்த இரண்டு வகுப்பை மட்டும் இப்படியே முடித்துவிடலாமா? முடிந்த பிறகு தேசம்மாவுக்குத் தனியாக நான் வந்து சொல்லித்தருகிறேன். ஒரு சனிக்கிழமை முழுக்க. சத்தியமாக.

அவளிடம் நான் வருத்தப்பட்டேன் என்று சொல்லுங்கள். அவளுக்கு என்ன பிடிக்கும்? ஏதாவது வாங்கி அனுப்புகிறேன்.

சங்கரி


குடிபாலா
19.2.2012

சங்கரி,

அவளுக்கு ஒன்றும் வாங்கி அனுப்பாதே.

ஆறு நாளாகத் தேசம்மா பள்ளிக்கூடம் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மணியம்மா மாங்கூழ் பேக்டரியில் சீசன் வேலைக்குப் போகிறவள். இப்போது சீசன் இல்லாததால் வீட்டில்தான் இருந்தாள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டாள். "டீச்சரம்மா, எங்க பொண்ணு படிக்க வருதா, படிச்சிக் காட்ட வருதா? எனக்குத் தெரியணும். படிச்சிக் காட்டறதுக்குன்னா, சித்திரைல நான் பேக்டரிக்குப் போவசொல்லோ கூட்டிக்கினு போறேன். அங்க சீட்டு எழுத ஆள் கேட்டுக்கினு கீறாங்க. கூலியாவது குடுப்பான்."

பன்னிரண்டு வயதுப் பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று கேட்டேன். "நீங்க எந்தக் கணக்குல சேத்தீங்க?" என்றாள்.

நீ அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? 'துணைவர்' என்றா?

உன் கடிதத்தில் ஒரு சொல்லை நான் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன், பழக்கதோஷம். 'வகைப்படுத்தியிருக்கும்.' ஒரே நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும் என்பதால் வசதி என்கிறாய். மற்ற இருபத்திரண்டு பேரும் அப்படித்தானே? ஆதிநாராயணன் மட்டும் இரண்டு பெஞ்சில் உட்காருகிறானா? அவனும் தன் குழுவுக்கு ஒரு பகுதியைச் சொல்லித்தரத்தான் செய்கிறான். அவன் பெயர் ஏன் கடிகாரத்துக்குக் கீழே வரவில்லை? நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் வருஷம் தவறாமல் முப்பது பிள்ளைகள் சொல்கிற சாக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள்.

அந்த வரியை மிசின் எழுதியதா, நீ எழுதினாயா? ஒரு வரியில் பதில் சொல்.

உன்னை மட்டும் குத்தம் சொல்லி எழுதவில்லை. மணியம்மா வீட்டிலிருந்து திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். கல்வி ஆபீஸிலிருந்து தெலுங்கில் சர்க்குலர் வந்தால், பெற்றோர் கூட்டத்தில் அதைத் தமிழில் சொல்ல யாரை எழுப்புகிறேன்? அவளைத்தான். ரேஷன் பாரம் எழுத யாராவது வந்து நின்றால்? அவள் கணக்குப் பாடத்தில் இருந்தாலும் வெளியே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். இத்தனைக்கும் தெலுங்கில் பயிற்சி முடித்துத் தெலுங்கில் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள் நான். எனக்குப் படிக்கத் தெரியாதா? அவள் படித்தால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது, எனக்கும் தொண்டை மிச்சம். அதனால்தான். உன் பட்டியலை நான் ஒரு வருஷத்துக்கு முன்பே போட்டுவிட்டேன், அச்சடித்துப் பலகையில் குத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. மூன்று வகுப்பிலும் நான் அறைக்குள்தான் இருந்தேன். மூலையில் நாற்காலி போட்டு உன் தாளில் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். நான்கு குழுவில் ஒன்றுக்காவது நான் படித்துக் காட்டியிருக்கலாம். எனக்குத் தெலுங்கு வருமா என்று உன் மிசின் ஏன் கேட்கவே இல்லை?

பத்மினி


திருப்பதி
24.2.2012

அக்கா,

நான்தான் எழுதினேன்.

ஒரு வரியில் கேட்டீர்கள், அதனால் முதலில் அதை எழுதிவிட்டேன். மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம். ஒன்பது நாளாக நிரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று பேர், நாற்பத்தைந்து நிமிடம், எல்லோருக்கும் நான்கு பகுதியும் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் 'திட்டம் இல்லை' என்று வந்து நின்றது. காரணம் எனக்குத் தெரியும். தேசம்மா நான்கு குழுவுக்கும் படித்துக் காட்டினாலே நாற்பத்து நான்கு நிமிடம் ஆகிவிடுகிறது. அவள் தன் பாடத்தைக் கற்க ஒரு நிமிடம்தான் மிச்சம். மறுநாள் காலை கைடிடம் காட்டியாக வேண்டும். பிரித்திகா மடியில் உட்கார்ந்து விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்ன ஆகிறது என்று பார்க்கலாமே என்று தேசம்மாவின் பெயரைக் கற்பவர் பட்டியலிலிருந்து வெட்டி வசதிகளில் ஒட்டினேன். வசதிக்குக் குறிக்கோள் கிடையாது, அக்கா. அதற்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான்கு விநாடியில் திட்டம் வந்துவிட்டது. சந்தோஷத்தில் குழந்தையைத் தூக்கிச் சுற்றினேன்.

நாளைக்கு மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கைடு நன்றாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் திறக்கவில்லை. மறந்துபோனேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறக்கவில்லை. தேர்வுத் தாள் எத்தனை என்று ஜெராக்ஸ் கடைக்காரன் கேட்டபோது இருபத்திரண்டு என்றுதான் என் வாய் சொன்னது.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. குழந்தைகள் ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டும், ஆசிரியர் தள்ளி நிற்க வேண்டும் என்று நான் படித்த கட்டுரைகளில் எல்லாம் இருந்தது. அதனால் ஆசிரியர் என்ற இடத்தில் 'இருப்பார்' என்று மட்டும் எழுதினேன். என்ன செய்யத் தெரியும் என்று எழுதவில்லை. சொல்லாததை அது எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்?

செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதம் வந்தது. அன்றைக்கு உட்கார்ந்து தேசம்மாவைக் கற்பவர்களில் சேர்த்தேன். உங்களை வாசிப்பவராகப் போட்டேன். 'திட்டம் இல்லை.' நேரத்தை ஒரு மணி நேரமாக்கினேன். இல்லை. நானும் வந்து ஒரு குழுவுக்குப் படித்தால், வகுப்பையும் இரண்டு நாளாகப் பிரித்தால், ஒரு திட்டம் வருகிறது. அதிலும் தேசம்மா ஒரு குழுவுக்குப் படிக்க வேண்டியிருக்கிறது, தன் குழுவுக்கு மட்டும்.

புதன்கிழமை கைடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணக்குத் தாளை வாங்கிப் புரட்டினார். பிறகு, 'இருமொழி உதவியாளர் ஒருவர் பயன்படுத்தப்பட்டார்' என்று அடிக்குறிப்பு போட்டுவிடு, யாரும் கேட்க மாட்டார்கள், மார்ச்சில் கொடுத்துவிடு என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குக் குழந்தை இருக்கிறது, உதவித்தொகை நிற்கப் போகிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் அந்த அடிக்குறிப்பை எழுதிப் பார்த்தேன். ஒரு வரிதான். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை.

மூன்று வகுப்புக் கணக்கையும் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜூன் வரை நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், உதவித்தொகை இல்லாமல். உங்கள் தம்பிக்குப் போனில் சொன்னேன். "அக்கா இன்னா சொல்லுது?" என்று கேட்டார். அந்த வரியை யார் எழுதியது என்று கேட்டதே அக்காதான் என்றேன். "அப்போ நான் இன்னா சொல்றது" என்று வைத்துவிட்டார்.

நான் வந்து மணியம்மாவிடம் பேசட்டுமா, அல்லது நான் வராமல் இருப்பதுதான் நல்லதா? உண்மையாகவே தெரியவில்லை. தேசம்மா வருவாளா?

சங்கரி


குடிபாலா
29.2.2012

சங்கரி,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மணியம்மா வீட்டுக்குப் போனேன். உன்னைக் கேட்காமல் முழுதாகப் படித்துக் காட்டினேன். வெட்டி ஒட்டினது, குழந்தையைத் தூக்கிச் சுற்றினது, எல்லாம். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

மணியம்மா கேட்டு முடித்துவிட்டு, "அந்தம்மா பொய் சொல்லியிருக்கலாம், நமக்கு இன்னா தெரியப்போவுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இந்த முறை பாய் போட்டாள், டீ கொடுத்தாள்.

தேசம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். ஆதிநாராயணனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அதற்குள் அவளே, "அவன் கேக்க வேணாம் டீச்சர். அவனுக்கு சுச்சு கெடையாது, வாயி நிக்காமதான் ஓடும்" என்று போட்டாள் ஒரு போடு. வகுப்பு சிரித்து அடங்கக் கால் மணி ஆயிற்று.

வகுப்புக்கு வருகிறேன் என்கிறாள். ஆனால் ஒன்று சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "நான் யாருக்கும் படிச்சிக் காட்ட மாட்டேன் டீச்சர். இந்த ஒரு தபா நான் உக்காந்துக்கினு கேக்கறேன். எனக்கு யாரானா சொல்லட்டும்."

தன் குழுவுக்கு மட்டும் என்று நீ எழுதியதைச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டாள். இதை வைத்துக்கொண்டு உன் மிசினால் என்ன முடியுமோ பார்.

பதினேழாம் தேதி சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் அறையைக் கேட்டு வாங்கிவிட்டேன். ஹெட்மாஸ்டர் முணுமுணுத்தார். பெற்றோர் கூட்டத்து சர்க்குலரை நானே படித்தேன் என்பதில் அவருக்கு வேறு ஆச்சரியம். என் தொண்டை கட்டிப்போய்விட்டது.

நீ வா. பிரித்திகாவையும் கொண்டுவா. ஆனால் வகுப்பு நடக்கும்போது குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லித் தேசம்மாவைக் கூப்பிட்டுவிடாதே. உன்னைச் சொல்லவில்லை, எனக்கே அந்தப் பழக்கம் இருக்கிறது.

பத்மினி


திருப்பதி
4.3.2012

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளவில்லை. நானே படித்துக் காட்டியிருந்தால் நடுவில் இரண்டு வரியை விழுங்கியிருப்பேன்.

தேசம்மா சொன்னதை அப்படியே நிரலில் எழுதினேன். அவளுக்கு 'படித்துக் காட்டுதல்' என்ற செயலே கிடையாது என்று எடுத்துவிட்டேன். முதலில் 'திட்டம் இல்லை' என்றுதான் வந்தது. பழகிவிட்டது. பிறகு வேறு மாதிரி யோசித்தேன். சி.டி.யை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? சனிக்கிழமை இரண்டு குழுக்கள் கம்ப்யூட்டரில், நீங்கள் ஒன்றுக்கு, நான் ஒன்றுக்கு. மற்ற இரண்டு குழுக்களும் அந்த நேரத்தில் பெட்டியையும் கம்பியையும் வைத்துக்கொண்டு தாங்களாகவே முட்டி மோதிப் பார்க்கட்டும். பிறகு இடம் மாறட்டும். திங்கட்கிழமை கலந்து உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லித்தரட்டும். இப்படிச் சொன்னதும் ஒரு வழி இருக்கிறது என்று காட்டியது. நீளமான வழி. டிசம்பரில் போட்டதைப் போல மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். ஆய்வேட்டில் அது அழகாகத் தெரியாது. டிசம்பர்த் திட்டத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவது ஏன் அவ்வளவு வேகமாக வந்தது என்று ஒரு அத்தியாயம் எழுதப்போகிறேன். கைடு படித்துவிட்டு என்ன சொல்வாரோ தெரியாது.

நான் வருவதில் ஒரு சின்னக் கலக்கம் இருந்தது, லட்சுமம்மா என்ன நினைப்பாளோ என்று. லட்சுமம்மாவிடம் இரண்டு நாள் ஊருக்குப் போகிறேன், குழந்தையையும் கூட்டிப்போகிறேன் என்றேன். அப்பாடா, அந்த இரண்டு நாளில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். ஒரு வருஷமாகத் தங்கையைப் பார்க்கவில்லையாம். போக வேண்டும் என்று என்னிடம் கேட்டதே இல்லை. நானும் அவளிடம் கேட்டதில்லை.

இப்போது ஒரு உதவி வேண்டும்.

நிரலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிக்கோள் என்று ஒரு வரி உண்டு. வகுப்பு முடியும்போது இந்தப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், நான்கு பகுதியில் எதை எடுத்துப் படிக்கப் போகிறது என்று. இருபத்திரண்டு பேருக்கும் டிசம்பரில் ஒரே மூச்சில் நிரப்பினேன். ஒன்றை அடித்து, மற்றதையெல்லாம் நகலெடுத்து ஒட்டினேன். தேசம்மாவின் வரிக்கு வந்தபோது அதையே எடுத்து ஒட்டப்போனேன். ஒட்டிவிட்டு அழித்தேன். வேறு ஒன்று அடித்துப் பார்த்தேன். அதையும் அழித்தேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது, அக்கா. நாலு வருஷமாக இந்த வரியை மற்றவர்களுக்காக நான்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் அவளைப் பற்றித் தெரிந்ததை வைத்து எழுதிவிட வேண்டாம். அவளிடமே கேளுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, தெலுங்கில் எழுதினாலும் சரி, திருத்தாமல் அப்படியே கவரில் போடுங்கள். பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாலும் சரி. மின்சாரமே வேண்டாம் என்றாலும் சரி, அதற்கும் ஒரு வழி தேடுகிறேன். நேரம் கிடைத்தால் மற்ற இருபத்திரண்டு பேரிடமும் கேட்டுவிடுங்கள், ஆதிநாராயணன் உட்பட.

அவளுடைய வரி காலியாக இருக்கிறது. அது காலியாக இருக்கும்வரை நிரல் ஓடாது, நானும் ஓட்டப்போவதில்லை. வகுப்புக்குப் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

சங்கரி